சொன்னவர்களே சான்று: பெண் கத்னாவின் கேடும் பேசிய பெண்களின் துணிவும்

1. ஆய்வின் பொருள்

2017 டிசம்பரில் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பதில் மனு தாக்கல் செய்தது. இந்தியாவில் பெண் பிறப்புறுப்புச் சிதைப்பு நடப்பதாகக் காட்டும் அதிகாரபூர்வத் தரவோ ஆய்வோ இல்லை என்பது அதன் சாரம். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் சாஹியோ என்னும் அமைப்பு தாவூதி போரா என்னும் முஸ்லிம் சமூகத்தின் 385 பெண்களிடம் நடத்திய கணக்கெடுப்பை வெளியிட்டிருந்தது. அவர்களில் 80 விழுக்காட்டினர் சிறுவயதில் தங்களுக்கு இது செய்யப்பட்டதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பே, 1991-இல், மனுஷி இதழில் ரெஹானா கடியாலி என்னும் ஆய்வாளர் போரா பெண்களைச் சந்தித்துப் பேசி, இவ்வழக்கத்தைப் பற்றி விரிவாக எழுதியிருந்தார். அச்சில் வந்து கால் நூற்றாண்டு ஆன பிறகும் அரசுக்கு அது தெரியவில்லை.

இந்தியாவில் பெண் கத்னா எனப்படும் இச்சிதைப்பைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அதை அனுபவித்த பெண்கள் வாய் திறந்ததால் தெரிந்தவை. காவல் துறைப் பதிவேடுகளிலிருந்தோ மருத்துவமனைக் கோப்புகளிலிருந்தோ அவை வரவில்லை. ஆகவே அவர்களுடைய சொல்லை முதன்மைச் சான்றாக ஏற்றுக்கொண்டே சட்டமும் மருத்துவமும் மேலே நகர வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஓர் எல்லையையும் இங்கேயே வகுத்துக்கொள்கிறேன். கோவை ஆர்.எஸ்.புரத்தில் இருந்துகொண்டு இதை எழுதும் எனக்கு, 1997 நவம்பர்க் கலவரமும் 1998 பிப்ரவரிக் குண்டுவெடிப்பும் இந்நகரத்து அண்டை வீட்டாரிடையே ஏற்படுத்திய பிளவு தெரியும். முஸ்லிம்களை இழித்துப் பேச இன்னொரு காரணம் தேடுபவர்களுக்கு இக்கட்டுரையில் எதுவும் கிடைக்காது. கோவையில் தலைமுறைகளாக வாழும் ராவுத்தர்களும் தக்கணி முஸ்லிம்களும் ஹனஃபி என்னும் இஸ்லாமியச் சட்ட மரபினர். அம்மரபு பெண் கத்னாவைக் கடமையாகக் கொள்வதில்லை. உலகில் இது முஸ்லிம்களிடம் மட்டும் உள்ள வழக்கமும் அன்று. எகிப்தின் காப்டிக் கிறித்தவர்களிடமும், கென்யா, எத்தியோப்பியா போன்ற நாடுகளின் கிறித்தவக் குடிகள் பலவற்றிலும் உண்டு. லண்டனில் ஐசக் பேக்கர் பிரவுன் என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் வலிப்புக்கும் நரம்புக் கோளாறுக்கும் சிகிச்சை என்று சொல்லிப் பெண்களின் கிளிட்டோரிஸை வெட்டினார். 1867-இல் அங்குள்ள மகப்பேறு மருத்துவர் சங்கம் அவரை வெளியேற்றியது.

2. செய்கையும் வகையும்

உலக சுகாதார நிறுவனம் பெண் பிறப்புறுப்புச் சிதைப்பை நான்கு வகையாகப் பிரிக்கிறது. கிளிட்டோரிஸையோ அதன் மேல்தோலையோ ஒரு பகுதியாகவோ முழுவதுமாகவோ அகற்றுவது முதல் வகை. அதனுடன் உள் இதழ்களையும் அகற்றுவது இரண்டாவது. வெட்டியபின் இதழ்களைச் சேர்த்து மூடி, சிறு துளை மட்டும் விடுவது மூன்றாவது. சோமாலியாவிலும் சூடானிலும் பரவலாக உள்ள கொடிய வகை இதுதான். குத்துதல், கீறுதல், சூடு வைத்தல் முதலியவை நான்காவது. மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமல் செய்யப்படும் இந்த நான்கினாலும் உடலுக்கு ஒரு நன்மையும் இல்லை என்பது அந்நிறுவனத்தின் முடிவு.

2024 மார்ச்சில் யுனிசெஃப் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் 23 கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் இதை அனுபவித்து வாழ்கிறார்கள். அவர்களில் 14.4 கோடிப் பேர் ஆப்பிரிக்காவிலும், 8 கோடிப் பேர் ஆசியாவிலும் இருக்கிறார்கள். இது தொலைதூரப் பாலைவனத்துச் சங்கதி என்று நினைப்பவர்கள் அந்த 8 கோடியைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் இவ்வழக்கம் நன்கு அறியப்பட்டிருப்பது தாவூதி போராக்களிடம். யேமன் வழியாக வந்த இஸ்மாயிலி ஷியா மரபினர். குஜராத்தைப் பூர்விகமாகக் கொண்டவர்கள். மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு உலகெங்கும் வணிகம் செய்பவர்கள். பெண் கல்வியில் முன்னணியில் நிற்கும் சமூகம். இவர்களிடம் இதற்குக் கத்னா என்றும் கஃப்ஸ் என்றும் பெயர். பெண் குழந்தைக்கு ஏறத்தாழ ஏழு வயதாகும்போது, பெண்களே அழைத்துச் சென்று, பெண்களைக் கொண்டே செய்விப்பது வழக்கம். வீட்டு ஆண்கள் பலருக்கு நடந்தது தெரிவதே இல்லை.

3. கேடு

கேட்டை மில்லிமீட்டரில் அளக்கும் வாதம் ஒன்று உண்டு. போராக்களிடம் நடப்பது ஆப்பிரிக்காவில் நடப்பது போன்றதன்று, மேல்தோலில் ஓர் ஓரத்தைத் தொடுவது மட்டுமே என்பார்கள். உடலமைப்பே இந்த வாதத்துக்கு விடை சொல்கிறது. ஏழு வயதுக் குழந்தைக்கு அந்த உறுப்பு மிகச் சிறியது. மேல்தோல் அதனோடு ஒட்டியிருப்பதும் அவ்வயதில் இயல்பு. பயந்து திமிறுகிற குழந்தையைக் கைகால் பிடித்துக் கிடத்தி, மருத்துவப் பயிற்சி இல்லாத ஒருவர் பிளேடால் வெட்டும்போது எது தோல், எது நரம்பு என்று பிரித்து நிறுத்துவது எப்படி? 2022-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று கிளிட்டோரிஸுக்குச் செல்லும் நரம்பிழைகள் 10,000-க்கும் மேல் என்று எண்ணிச் சொன்னது. மனித உடலில் இவ்வளவு நுண்ணுணர்வு இவ்வளவு சிறிய இடத்தில் குவிந்திருப்பது அரிது. அந்த இடத்தில் ஓரம் என்று ஒன்று இல்லை.

உடனடிக் கேடுகள்: வலி, இரத்தப்போக்கு, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், சீழ்பிடித்தல். நாட்பட்ட கேடுகள்: தழும்பு, அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று, தாம்பத்தியத்தில் வலி அல்லது உணர்வின்மை. மூன்றாம் வகையில் இவற்றோடு பிரசவச் சிக்கலும் உயிரிழப்பும் சேரும். 2018 பிப்ரவரியில் லட்சுமி அனந்தநாராயண், ஷபானா டிலேர், நடாஷா மேனன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுக்காகப் போரா சமூகத்தின் 83 பெண்களும் 11 ஆண்களுமாக 94 பேரிடம் பேசினார்கள். சிறுவயதுக் கத்னாவை நினைவில் வைத்திருந்த பெண்களில் 97 விழுக்காட்டினருக்கு அது வலியாகவே நினைவிருந்தது. ஏறத்தாழ 33 விழுக்காட்டினர் தங்கள் தாம்பத்திய வாழ்வை அது கெடுத்தது என்று கருதினார்கள். அந்த 94 பேரின் ஏழு வயது கடந்த மகள்களில் 75 விழுக்காட்டினருக்குக் கத்னா செய்யப்பட்டிருந்தது.

எண்ணில் பிடிபடாத கேடு ஒன்றும் இருக்கிறது. எனக்கு அதுவே ஆகப் பெரியதாகப் படுகிறது. பேசிய பெண்கள் பலருடைய வாக்குமூலத்தின் தொடக்கம் ஒன்றுபோல இருக்கிறது: பாட்டியோ அம்மாவோ அத்தையோ வெளியே கூட்டிப் போகிறார்கள், ஐஸ்கிரீம், மிட்டாய், பிறந்தநாள் விழா என்று ஏதோ ஆசை காட்டுகிறார்கள், பழைய கட்டடம் ஒன்றின் மாடியில் தெரியாத ஒருத்தி இருக்கிறாள், பாவாடையை விலக்கி, கையையும் காலையும் பிடித்துக்கொள்வது அழைத்து வந்தவளேதான். முடிந்ததும், யாரிடமும் சொல்லக் கூடாது, அப்பாவிடமும் கூட, என்ற கட்டளை. கொங்கு நாட்டில் அம்மிச்சி கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் குழந்தைக்கு அதைவிடக் காவலான இடம் வேறில்லை. அந்தக் கையே பிடித்து அமுக்கும் கையாகும்போது குழந்தை இழப்பது துளி சதையை மட்டுமா? வளர்ந்த பிறகும் யாரை நம்புவது என்ற தடுமாற்றம் நீங்கவில்லை என்று பெண்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். வெட்டி எறியப்படும் பகுதியை ‘ஹராம் கி போட்டி’, பாவத்தின் சதைத்துண்டு, என்று சொல்லும் வழக்கும் அவர்களிடம் உண்டு. தன் உடலின் ஒரு பகுதி பிறவியிலேயே பாவம் என்று ஏழு வயதில் கற்கும் பெண் அந்தப் பாடத்தை எளிதில் மறப்பதில்லை.

பாட்டிகளைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களுக்கும் ஏழு வயதில் இதுவே நடந்தது. பேத்தி மணமாகாமல் நின்றுவிடுவாளோ, சமூகம் ஒதுக்கிவிடுமோ என்ற அச்சத்தில், நல்லது செய்வதாக நம்பியே செய்கிறார்கள். இந்தக் கேட்டைக் களைவது இவ்வளவு கடினமாக இருப்பதற்குக் காரணமும் இதுவே.

4. பேசிய பெண்களும் அவர்கள் கொடுத்த விலையும்

2011-இல் தஸ்லீம் என்ற புனைபெயரில் ஒரு பெண், கத்னாவை நிறுத்தக் கோரிப் போரா மதத் தலைவருக்கு இணையத்தில் விண்ணப்பம் எழுதினார். சொந்தப் பெயரைச் சொல்ல அவரால் முடியவில்லை. 2012-இல் பிரியா கோஸ்வாமி எடுத்த ‘எ பிஞ்ச் ஆஃப் ஸ்கின்’ என்னும் ஆவணப்படம் தேசிய விருதில் சிறப்புக் குறிப்பைப் பெற்றது. 2015-இல் அவரும் ஆரிஃபா ஜொஹாரி, மரியா தாஹெர், இன்சியா தரிவாலா, ஷஹீதா தவாவாலா கிர்தனே ஆகியோரும் சேர்ந்து சாஹியோவைத் தொடங்கினார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் மசூமா ரனால்வி ‘வீ ஸ்பீக் அவுட்’ இயக்கத்தைத் தொடங்கினார். ஏழு வயதில் பாட்டி தின்பண்டம் வாங்கித் தருவதாக அழைத்துப் போனதையும், பின் நடந்ததையும் தன் பெயரோடும் முகத்தோடும் பொதுவெளியில் சொன்னவர் அவர்.

புனைபெயரிலிருந்து சொந்தப் பெயருக்கு வந்த இந்த நான்காண்டு நடையை நான் இந்தியப் பெண்ணியத்தின் பெரிய நிகழ்வுகளுள் ஒன்றாகக் கருதுகிறேன். காரணம் இருக்கிறது. போரா சமூகத்தில் தலைமையை எதிர்ப்பவரைச் சமூக விலக்கு செய்யும் முறை நீண்டகாலமாக உள்ளது. விலக்கப்பட்டவர் வீட்டுத் திருமணத்துக்கு உறவினர் வருவதில்லை. இறந்தவரை அடக்கம் செய்யச் சமூக மயானத்தில் இடம் மறுக்கப்பட்டதும் உண்டு. இதைத் தடுக்க 1949-இல் பம்பாய் மாகாணம் கொண்டுவந்த சட்டத்தை, மத உரிமையின் பெயரால் 1962-இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. அந்தத் தீர்ப்பை மறுபரிசீலிக்கும் கேள்வி 2023 பிப்ரவரியில்தான் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. ஊர் விலக்கு என்றால் என்னவென்று கொங்குச் சீமையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கோயில் நோன்பிலிருந்து துக்க வீடு வரை ஒருவரும் எட்டிப் பார்க்காத வாழ்க்கை அது. அந்த அச்சத்தோடுதான் இப்பெண்கள் பேசினார்கள்.

சமூகத்தைவிட நெருக்கமான தடை சொந்தத் தாய். தனக்கு நடந்ததைச் சொல்வது, அதைச் செய்தவள் அம்மா என்று ஊரறியச் சொல்வதாகும். தாயை நேசித்துக்கொண்டே தாய் செய்தது தவறு என்று சொல்ல வேண்டும். தூற்றவும் கூடாது, மறைக்கவும் கூடாது. பல வாக்குமூலங்களில் இந்த இழுபறி அப்படியே தெரிகிறது. சில வீடுகளில் மகள் கேட்ட பிறகு தாயும் தன் கதையை முதன்முறையாகச் சொல்லியிருக்கிறாள். மரியா தாஹெர் தன் முதுகலை ஆய்வுக்கே இதைப் பொருளாக எடுத்துக்கொண்டார். அவர் முன்னின்று நடத்திய பரப்புரைக்குப் பின் 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் தடைச் சட்டம் இயற்றியது.

சாஹியோவின் 385 பேர் இணையத்தின் வழியே தாமே முன்வந்து விடை சொன்னவர்கள். முழுச் சமூகத்தின் விழுக்காடாக அதைக் கொள்ள முடியாது என்பது ஆய்வு நெறி. ஆயினும் அவர்களில் 81 விழுக்காட்டினர் இது தொடர வேண்டாம் என்று சொன்னதை எந்த நெறியும் தள்ளிவிட முடியாது.

5. தமிழ் பேசும் வீடுகளில்

இதெல்லாம் குஜராத்தியர் பிரச்சினை என்று எண்ணும் தமிழ் வாசகருக்கு இலங்கையைக் காட்ட வேண்டும். அங்கே தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட சோனகர்களிடமும், மலாயர்களிடமும், போராக்களிடமும் பெண் குழந்தைகளுக்கு இது செய்யப்பட்டு வருகிறது. சோனகர்களிடம் பெரும்பாலும் பிறந்த நாற்பதாம் நாளையொட்டி, ‘ஒஸ்தா மாமி’ எனப்படும் பெண் வீட்டுக்கு வந்து செய்வது வழக்கம். கைக்குழந்தைக்கு நடப்பதால் வளர்ந்த பெண்ணுக்கு அதன் நினைவே இருக்காது. தனக்கு நடந்திருக்கிறது என்பதையே பலர் மணமான பிறகோ, தம் மகளுக்கு ஒஸ்தா மாமி வந்து நின்றபோதோ அறிந்திருக்கிறார்கள். சோனகர்கள் ஷாஃபி மரபினர். அம்மரபின் அறிஞர்கள் பலர் இதைக் கடமை என்பார்கள். அகில இலங்கை ஜம்மியத்துல் உலமா என்னும் உலமா சபையின் நிலைப்பாடும் அதுவே.

அங்கும் மௌனத்தை உடைத்தவர்கள் பெண்கள். 2017 டிசம்பரில் பாதிக்கப்பட்ட பெண்கள், எர்மிசா தேகல் போன்ற சட்டத்தரணிகளின் துணையோடு, நாடாளுமன்றத்தின் பெண்கள் விவகாரக் குழு முன் தங்கள் அனுபவத்தை வைத்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதத்தில் சுகாதார அமைச்சு, மருத்துவத் துறையினர் எவரும் இதைச் செய்யக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. உலமா சபையோ, மருத்துவரைக் கொண்டு செய்ய அனுமதி வேண்டும் என்றது. நாற்பது நாள் குழந்தையின் உடலில் கத்தி படலாமா என்ற கேள்வி, யார் கையில் கத்தி இருக்கலாம் என்ற கேள்வியாக இப்படித்தான் மாறிப்போகிறது.

6. கத்தி மருத்துவர் கைக்கு மாறும்போது

இந்த மாற்றத்தை நான் எல்லாவற்றிலும் அஞ்சத்தக்கதாகக் காண்கிறேன். உலகில் இதை அனுபவித்த பெண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு மருத்துவப் பணியாளர் ஒருவரே செய்திருக்கிறார் என்பது யுனிசெஃப் கணிப்பு. எகிப்தில் 2007-இல் மருத்துவர் கையால் கத்னா செய்யப்பட்ட 12 வயதுச் சிறுமி இறந்தாள். அதன் பிறகுதான் அந்நாட்டுத் தலைமை முஃப்தி இது மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்று அறிவித்தார். 2008-இல் தண்டனைச் சட்டமும் வந்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் 2017 ஏப்ரலில் ஒரு பெண் மருத்துவர் கைதானார். மின்னசோட்டாவிலிருந்து ஏழு வயதுச் சிறுமிகள் இருவரை அழைத்துவந்து அவரிடம் செய்வித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 1996-ஆம் ஆண்டின் மத்தியத் தடைச் சட்டத்தை இயற்ற அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 2018 நவம்பரில் நீதிபதி சொல்லிவிட்டார். புதிய சட்டம் 2021 ஜனவரியில் கையெழுத்தானது. ஆஸ்திரேலியாவில் வேறு விதமாக முடிந்தது: சிட்னிச் சகோதரிகள் இருவருக்குச் செய்யப்பட்டது தொடர்பான வழக்கில், சிறு வெட்டும் கீறலும் கூடத் தடைக்குள் அடங்கும் என்று 2019 அக்டோபரில் அந்நாட்டு உயர்நிலை நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நமக்கு அருகிலும் நடந்தது. 2017 ஆகஸ்டில் கோழிக்கோட்டில் ஒரு கிளினிக்கில் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் இது செய்யப்படுவதைச் சாஹியோ வெளிக்கொணர்ந்தது. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கோவையிலிருந்து சில மணி நேரப் பயணம். செய்தி வந்ததும் கிளினிக் முன் போராடி அதை மூட வைத்தவர்கள் முஸ்லிம் இளைஞர் லீக்கினர் என்பதைக் கோவை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அன்றைய கேரள சுகாதார அமைச்சர் கே.கே. ஷைலஜா விசாரணைக்கு உத்தரவிட்டார்.

7. வழக்கும் வாதங்களும்

வழக்கறிஞர் சுனிதா திவாரி 2017-இல் தொடுத்த பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றத்தில் விரிவாக நடந்தது. 2018 ஏப்ரலில் அப்போதைய அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால், இது தண்டனைச் சட்டத்தின் கீழும் போக்சோ சட்டத்தின் கீழும் ஏற்கெனவே குற்றம்தான் என்று வாதிட்டார். ஆதாரமே இல்லை என்று நான்கு மாதம் முன்பு சொன்ன அதே அரசின் தரப்பு இது. அந்த ஜூலையில் நீதிபதிகள், ஒரு பெண்ணின் உடல் ஏன் வேறோர் அதிகாரத்துக்கு உட்பட வேண்டும் என்று கேட்டார்கள். செப்டம்பரில் வழக்கு அரசியல் சாசன அமர்வுக்குச் சென்றது. 2019 நவம்பரில் சபரிமலை மறுஆய்வுத் தீர்ப்பு, மத உரிமை பற்றிய பெரிய கேள்விகளோடு இதையும் சேர்த்துப் பெரிய அமர்வு பார்க்கலாம் என்றது.

எதிர்த்தரப்பிலும் பெண்கள் இருந்தார்கள். மத உரிமைக்கான தாவூதி போரா பெண்கள் சங்கம் வழக்கில் இணைந்து, கஃப்ஸ் தீங்கற்றது, தங்கள் நம்பிக்கையின் பகுதி என்றது. அவர்கள் குரலையும் மதித்துக் கேட்கிறேன். வயதுவந்த பெண் தன் உடலில் தன் நம்பிக்கைப்படி ஒன்றைச் செய்துகொள்வது ஒரு கேள்வி. ஏழு வயதுக் குழந்தைக்குப் பொய் சொல்லி அழைத்துப் போய்ச் செய்வது முற்றிலும் வேறு கேள்வி. முதலாவதற்குச் சொல்லும் நியாயம் இரண்டாவதைக் காக்காது. ஆண் குழந்தைகளுக்குச் செய்யவில்லையா என்பார்கள். அது தனியே விவாதிக்க வேண்டியது. அதைக் காட்டிப் பெண் குழந்தையின் வலியைச் சமன் செய்ய முடியாது. தீங்கற்றது என்றால் இவ்வளவு இரகசியம் ஏன்? 2016-இல் பல மேலைநாட்டுப் போரா ஜமாத்துகள், அந்தந்த நாட்டுச் சட்டத்தை மதித்துப் பெண் கத்னா செய்யாதிருக்குமாறு தம்மவர்களுக்குக் கடிதம் அனுப்பின. சட்டம் இருக்கும் நாட்டில் நிறுத்த முடிகிற ஒன்று, சட்டம் இல்லாத நாட்டில் மட்டும் எப்படிக் கைவிட முடியாத கடமையாகும்? இந்தியாவில் தனிச் சட்டம் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான வாதம் எனக்குத் தெரியாது.

8. கோவையில் செய்யத்தக்கவை

வீட்டுக்குள், பெண்கள் கையால், இரகசியமாக நடக்கும் ஒரு கொடுமையை அரசு ஒப்புக்கொள்ள வைப்பது எப்படி என்று மேற்குத் தமிழகத்துக்கு அனுபவம் உண்டு. பெண் சிசுக்கொலையையும் நெடுங்காலம் யாரும் பேசவில்லை. பத்திரிகைகளும் தொண்டு நிறுவனங்களும் பேசிய பிறகு 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 1994-இல் கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் வந்தது. குறைகள் பல இருந்தாலும், நடக்கிறது என்று ஒப்புக்கொண்டதுதான் முதல் படி.

கோவை ஒரு மருத்துவ நகரம். கேரளத்திலிருந்தும் ஈரோடு, திருப்பூர், நீலகிரியிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். ஆர்.எஸ்.புரத்திலோ, குஜராத்தி, மார்வாடி வணிகக் குடும்பங்கள் தலைமுறைகளாகக் கலந்து வாழும் தெருக்களில் கிளினிக்குகள் நெருங்கி நிற்கின்றன. இங்குள்ள மகப்பேறு மருத்துவர்கள், குழந்தை மருத்துவர்கள், மனநல ஆலோசகர்கள் ஆகியோருக்கு என் வேண்டுகோள் இது. தழும்பைக் கண்டால் அதிர்ந்து முகம் சுளிக்காமல், தனியறையில் அமைதியாகக் கேளுங்கள். அவள் சொல்வதைக் கேஸ் ஷீட்டில் சரியான பெயரோடு எழுதுங்கள். எழுதாமல் விட்ட ஒவ்வொரு முறையும், தரவு இல்லை என்ற அரசின் பதிலுக்குத் துணைபோகிறோம். யார் கேட்டாலும், எவ்வளவு சுத்தமாகச் செய்யச் சொன்னாலும், இதைச் செய்ய மறுத்துவிடுங்கள். மருத்துவக் கல்லூரிகள் இதைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு வகுப்பாவது நடத்த வேண்டும்.

நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டும். அதில் தாயைச் சிறைக்கு அனுப்புவதைவிட, வெட்டுபவரையும் வெட்டச் சொல்லி நெருக்கும் அமைப்பையும் பொறுப்பாக்குவது முதன்மை பெற வேண்டும்; தாய்க்குச் சிறை என்றால் மகள் ஒருபோதும் வாய் திறக்க மாட்டாள்.

ஒரு குழந்தைக்கு இது நடக்கப்போகிறது என்று தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். ஏற்கெனவே நடந்த ஒரு பெண் உங்களிடம் சொல்ல வந்தால், அது உண்மையா, எவ்வளவு வெட்டினார்கள், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். நம்புங்கள்.